ஆல் பாஸில் ஆயிரம் சிசி



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சில மாதங்களாக முகநூலில் ஒரே மாதிரிப் படங்கள் வருகின்றன. ஷோரூமில் மாலை போட்ட பெரிய பைக், கையில் அட்டையில் செய்த பெரிய சாவி, பக்கத்தில் அப்பா அம்மா. கீழே, "350-லிருந்து 1000-க்கு அப்கிரேடு" என்று ஒரு வரி. அதற்கு நூற்றுக்கணக்கில் வாழ்த்துகள். நான் வாழ்த்தவில்லை. "சார் ஏன் ஒரு லைக்கூடப் போடலை?" என்று இரண்டு பேர் கேட்டே விட்டார்கள். பதில் இதோ.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மோட்டார் சைக்கிளுக்கு எதிரி இல்லை. டிவிஎஸ் 50-இல் பள்ளிக்கூடம் போய், பிறகு ஒரு 100 சிசி வண்டியில் இருபது வருடத்துக்கு மேல் போனவன். காலை நேரத்தில் காலியான ரோட்டில் வண்டி ஓட்டும் சுகம் எனக்கும் தெரியும். என் சண்டை அந்த "அப்கிரேடு" என்ற வார்த்தையோடு.

கீழ் வகுப்புப் பாடம் தெரிந்தவனை மேல் வகுப்புக்கு அனுப்புவதுதான் எங்கள் தொழிலில் தேர்ச்சி. எட்டாவது வரை ஆல் பாஸ் என்பதால் வகுத்தல் தெரியாமல் ஒன்பதாவதுக்குப் போன பிள்ளைகள் உண்டு. அவர்கள் ஒன்பதாவதில் தடுமாறினார்கள், அவமானப்பட்டார்கள், ஆனால் உயிரோடு இருந்தார்கள். ரோட்டில் ஆல் பாஸ் போட்டால் அந்தச் சலுகை கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று நிற்கும் ஸ்ப்ளெண்டரின் திறன் சுமார் 8 குதிரை. என் காலத்தில் பெற்றோரைப் பயமுறுத்திய யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு 11 குதிரை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 20. மாருதி ஆல்ட்டோ 800 காருக்கு 48. இப்போது நீங்கள் மாலை போடும் கவாஸாகி நிஞ்சா இசட்எக்ஸ்-10ஆர், சுசுகி ஹயபுசா வகை வண்டிகளுக்கு 190, 200 குதிரை.

நாமக்கல்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். சுமார் 28 டன் மொத்த எடையோடு ஓடும் பத்துச் சக்கர லாரிக்கு ஏறக்குறைய அதே 200 குதிரைத் திறன்தான். லாரி அதை வைத்து 28 டன்னை இழுக்கிறது. உங்கள் வண்டி அதை வைத்து 207 கிலோ இரும்பையும் உங்கள் 70 கிலோ உடம்பையும் இழுக்கிறது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மூன்று விநாடி. ஒரு குறளின் முதல் அடியைச் சொல்லி முடிப்பதற்குள் 100.

நாற்கரச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் 80. இந்த வண்டிகள் முதல் கியரிலேயே 100-ஐத் தாண்டும். அப்படியானால் மீதி ஐந்து கியர் யாருக்கு?

அடுத்து, எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம்தான். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. நல்ல டயர், காய்ந்த தார், பிரேக் பிடிக்க நன்றாகத் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். 60-இல் போகும்போது ஆபத்தைப் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அதற்குள் 17 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க ஏறத்தாழ 20 மீட்டர். மொத்தம் 37. அதே ஆள் 120-இல் போனால் அந்த ஒரு விநாடிக்கு 33 மீட்டர், நிற்க 79 மீட்டர், மொத்தம் 112. வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் மூன்று மடங்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து விழுவதற்குச் சமம். சந்தேகம் இருந்தால் பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

"சார், நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்பீர்கள். நம்புகிறேன். ஆனால் 350-இல் பழகிய கைக்கு ஒரு நினைவு இருக்கிறது. லாரியை முந்த ஆக்சிலேட்டரை எவ்வளவு திருக வேண்டும், கியரைக் குறைத்தால் வண்டி எவ்வளவு இழுத்துப் பிடிக்கும், வளைவுக்குள் வந்தபின் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதெல்லாம் மனதில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. அந்த மணிக்கட்டை 200 குதிரை வண்டியில் வைத்து, அதே அளவு திருகினால் என்ன ஆகும்? பழைய வண்டியில் அது ஒரு சிறு தவறு. இதில் முன் சக்கரம் தூக்கும், அல்லது வளைவு முடிவதற்குள் ரோடு முடிந்துவிடும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். 70-இல் ஒன்றில் தவறினால் போதும்.

"ஏபிஎஸ் இருக்கு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கு" என்பது அடுத்த பதில். இருக்கின்றன, நல்லவைதான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று வந்ததை வரவேற்றவன் நான். சக்கரம் வழுக்காமல் அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் நடு ரோட்டில் படுத்திருக்கும் மாட்டை எழுப்பாது. பின் விளக்கு இல்லாத டிராக்டரைக் காட்டித் தராது. எதிர்த் திசையில் வரும் ஷேர் ஆட்டோவைத் திருப்பி அனுப்பாது. வளைவில் கொட்டிக் கிடக்கும் எம்-சாண்டைக் கூட்டிப் பெருக்காது.

"என் காசு, என் உயிர், உங்களுக்கென்ன?" என்று சிலர் மனதில் ஓடும். என் முன்னால் சொல்ல மாட்டீர்கள், ஆனாலும் பதில் சொல்கிறேன். ரோட்டைக் கடக்க நிற்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். நூறு மீட்டரில் ஒரு பைக் வருகிறது. இத்தனை வருடமாக அவர் பார்த்தது 50-இல் வரும் எக்ஸ்எல்தான். அந்த வேகத்தில் வண்டி வந்து சேர ஏழு விநாடி ஆகும். அவர் கடந்துவிடுவார். நீங்கள் 120-இல் வந்தால் மூன்றே விநாடி. பெரிய பஸ்ஸின் வேகத்தை ஓரளவு கணிக்கும் மனிதக் கண், ஒல்லியான பைக் நேராக வரும்போது ஏமாந்துபோகும். சின்ன உருவம் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். அந்தப் பாட்டி உங்கள் காசில் பங்கு கேட்டாரா?

2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். நம் ரோட்டில் ஓடுபவை பெரும்பாலும் 100, 125, 150 சிசி வண்டிகள். எட்டு, பத்துக் குதிரையை வைத்துக்கொண்டே இந்தக் கதி என்றால், அதே ரோட்டில், அதே லைசென்ஸில் 200 குதிரையை இறக்குவதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

அந்த லைசென்ஸுக்குத்தான் வருகிறேன். என் முக்கியமான கோபம் பிள்ளைகள் மேல் இல்லை, இதன் மேல்தான்.

100 சிசி வண்டியில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினால் கியர் உள்ள இருசக்கர வாகன லைசென்ஸ் கிடைக்கும். அதை வைத்து அன்று மாலையே 1340 சிசி ஹயபுசாவை எடுத்துக்கொண்டு பைபாஸில் ஏறலாம். சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே முதலில் 200 சிசி வரைதான். ஒரு வருடம் கழித்து இன்னொரு தேர்வு, அதற்குப் பிறகு 400 சிசி வரை. மறுபடி ஒரு வருடம், மறுபடி தேர்வு, அதற்குப் பிறகுதான் பெரிய வண்டி. பிரிட்டனில் சிசியோடு நிற்காமல் திறனையும் அளக்கிறார்கள். 19 வயதில் 35 கிலோவாட், அதாவது 47 குதிரை வரை. அதில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகு, 21 வயதில் தேர்வு எழுதி மேலே போகலாம். நேராகப் பெரிய வண்டி வேண்டுமென்றால் 24 வயது ஆக வேண்டும். அங்கே உள்ள இளைஞனுக்கு நம் பிள்ளையைவிட உயிர் விலை அதிகமா?

வெளிநாட்டை விடுங்கள். நம் சட்டத்துக்கே இந்தப் படிக்கட்டு தெரியும். நம் ஊரில் டிரைவர் இல்லாத தெரு உண்டா? அவர்களைக் கேளுங்கள். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகாமல் லாரிக்கு எல்எல்ஆர்கூட கிடையாது. 20 வயது ஆகியிருக்க வேண்டும். லாரிக்குப் படி வைத்த சட்டம், லாரி அளவு குதிரைத் திறன் உள்ள பைக்குக்கு ஏன் வைக்கவில்லை?

வித்தியாசம் தெரியவில்லை என்றும் அரசு சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40 சதவீதம். வரி வாங்கும்போது பெரிய வண்டி வேறு ஜாதி. உரிமம் கொடுக்கும்போது எல்லாம் ஒன்று. கல்லாப்பெட்டிக்குத் தெரிந்த கோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போது ஒரு வீடு என் நினைவில் இருக்கிறது. பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் என்னிடம் ஐந்து வருடம் படித்தவன். கணக்கில் சுமார், மனசு தங்கம். பெரிய வண்டி வாங்கி முதல் சர்வீஸ்கூட விடவில்லை. அவன் அப்பா இருபத்தைந்து வருடம் அஸ்ஸாம் வரைக்கும் லாரி ஓட்டியவர். துக்கத்துக்குப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க சார், இந்த வண்டிய ஓட்டலாம்னுதானுங்க அவன் லைசென்ஸ்ல போட்டிருக்கு?"

போட்டிருக்கிறது. அதுதான் பிரச்சினை.

பணத்தைப் பற்றியும் ஒரு வரி. 15 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 32,600 ரூபாய்க்கு மேல். வட்டி மட்டும் நாலரை லட்சம். தவணை கட்டுவதற்காகப் பாதுகாப்பு ஜாக்கெட்டையும் நல்ல ஹெல்மெட்டையும் "அடுத்த மாதம் வாங்கிக்கலாம்" என்று தள்ளிப்போட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். சாமி, முதலில் தலைக்கு வாங்கு, பிறகு வண்டிக்கு வாங்கு.

சரி, குறை சொன்னால் மட்டும் போதாது. என்ன செய்ய வேண்டும்?

ஒன்று. குதிரைத் திறனை வைத்து மூன்று படியாக லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு வருட அனுபவம், தனித் தேர்வு. உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், அரசு அதிகாரிகள் இருக்கிறீர்கள், கட்சியில் இருப்பவர்களும் உண்டு. மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

இரண்டு. சட்டம் வரும்வரை நீங்களே உங்களுக்குத் தேர்வு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள வண்டியில் இரண்டு மழைக்காலம் முழுதாக ஓட்டியாயிற்றா? 60-இல் அவசரப் பிரேக் பிடித்து நேராக நிறுத்த வருமா? இல்லையென்றால் 1000 சிசி பேச்சே வேண்டாம்.

மூன்று. இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. பயிற்சி வகுப்பு நடக்கும்போது பணம் கட்டிச் சேருங்கள். வேகம்தான் ஆசையென்றால் அது அங்கே தீரட்டும். அங்கே எதிரில் பஸ் வராது, பாட்டி கடக்க மாட்டார்.

நான்கு. நடுவில் ஒரு படி இருக்கிறது. 650 சிசியில் 47 குதிரை உள்ள வண்டிகள் நம் நாட்டிலேயே செய்கிறார்கள். பிரிட்டனில் 19 வயதுப் பிள்ளைக்கு அனுமதித்த அளவு அது. 350-லிருந்து அதற்குப் போவதைப் படி ஏறுவது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்துக்கு முதல் ஆளாக லைக் போடுவேன்.

ஐந்து, பெற்றோருக்கு. "பையன் ஆசைப்படறான், சம்பாதிக்கிறான், என்ன பண்றது?" என்று என்னிடம் புலம்புகிறீர்கள். சாவி வாங்கும் படத்தில் நீங்களும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்களே! அந்தப் படத்தில் நிற்க மாட்டேன் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்வான், நாலு நாள் பேச மாட்டான். பேசாமல் இருப்பதற்காவது அவன் இருக்க வேண்டும் அல்லவா?

கமெண்டில் திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். பழைய காலத்து ஆள் என்று சொல்லுங்கள், கவலையில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கில் எது தப்பு என்று காட்டிவிட்டுத் திட்டுங்கள். கணக்கு சரியாக இருந்தால், பெரிய வண்டி வாங்கப்போகும் உங்கள் நண்பனுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் கணக்கு சார்