வாசலோடு முடியும் அமைதி

கடந்த ஆண்டு என் தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கடலூர் மாவட்டத்திலுள்ள மருத்துவமனை ஒன்றில், கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, முகத்தின் மீது பச்சைத் துணியைப் போர்த்தி, அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பார்வையும் தெளிவாகத் திரும்பியது. ஆனால், வீட்டுக்கு வந்ததும் அவர் பேசியது கண்ணைப் பற்றி அல்ல.

"ஊசி ஒண்ணும் வலிக்கலப்பா. 'லென்ஸ் மாறிப்போச்சா பாரு'ன்னு யாரோ கத்துனாங்க. எனக்குத்தான் மாத்தி வெச்சிட்டாங்களோன்னு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு" என்றார்.

அந்தச் சொற்கள் அடுத்த மேசையில் இருந்த வேறொருவரைப் பற்றியவை என்பது பின்னர்தான் தெரிந்தது. அதை அப்போதே அவருக்குச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நுண்ணோக்கியின் கீழே கண் திறக்கப்பட்டிருக்கும் வேளையில் நோயாளி நடுங்குவது மருத்துவருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. ஒரு தேவையற்ற கூச்சல் அந்த ஆபத்தின் விளிம்புவரை கொண்டுபோய்விட்டது.

மருத்துவமனைச் சிகிச்சை அறைகளில் நோயாளிகள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில், பெரும்பாலான சிகிச்சைகள் நோயாளி விழித்திருக்கும்போதே நடக்கின்றன. கண்புரை, பல் சிகிச்சை, காயத்துக்குத் தையல், தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடுவது ஆகியவை அப்படிப்பட்டவை. முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்யப்படும் சிசேரியன் பிரசவத்திலும் தாய் விழித்தே இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. செவிக்கு எந்த ஊசியும் போடப்படுவதில்லை. எழுந்து போகவும் முடியாது, என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. அந்நிலையில் கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் அச்சம்தான் பொருள் சொல்கிறது.

இதைக் குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதி அமைதி மண்டலம்; அங்கே பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலும் உச்ச வரம்பு. 2017-இல் செய்யப்பட்ட திருத்தமோ, மாநில அரசு முறைப்படி அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலமாகும் என்று ஆக்கிவிட்டது. பலவகை ஓசை எழுப்பும் ஊதுகுழல்களை மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன. கடலூர் - சிதம்பரம் சாலையில் பேருந்தில் பயணம் செய்தவர்களுக்கு அந்தத் தடை எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது தெரியும்.

ஆனால், இந்த விதிகள் அனைத்தும் மருத்துவமனையின் சுற்றுச்சுவருக்கு வெளியே நிற்பவை. 'ஒலி எழுப்பாதீர்' என்ற பலகை சாலையைப் பார்த்துத்தான் நிற்கிறது. உள்ளே தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுவதையும், எஃகுத் தட்டு தரையில் விழுவதையும், கதவு அறைந்து சாத்தப்படுவதையும், அறுவை அரங்கில் கைப்பேசி திரைப்படப் பாடலாக ஒலிப்பதையும் கேட்பார் இல்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமன்று. நோயாளியின் அறையில் ஒலி 30 முதல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவமனைகளின் பகல்நேர ஒலி 1960-இல் சராசரியாக 57 டெசிபலாக இருந்து, 72 டெசிபலாக உயர்ந்திருந்தது. இரவுநேர ஒலி 42-இலிருந்து 60 ஆனது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கிறது. கருவிகள் பெருகப் பெருக மருத்துவம் வளர்ந்தது. கூடவே இரைச்சலும் வளர்ந்தது.

'படுக்கையே போதவில்லை, செவிலியர் போதவில்லை. இதில் அமைதி வேறா?' என்று அரசு மருத்துவர் ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில் நூலக அமைதியை யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால், இரைச்சலின் விலையை நோயாளி மட்டும் கொடுப்பதில்லை. மருத்துவர் கேட்ட மருந்தின் பெயர் செவிலியரின் காதில் வேறாக விழுந்தால் என்ன ஆகும்? நோயாளியின் நிலையைக் காட்டும் கருவிகள் எழுப்பும் எச்சரிக்கை ஒலிகளில் மிகப் பெரும்பாலானவை உடனடி நடவடிக்கை தேவைப்படாதவை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓயாமல் ஒலிக்கும் மணிக்குக் காது பழகிவிடுகிறது. உண்மையான ஆபத்தை அறிவிக்கும் மணியும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகிறது. ஆகவே, ஒலியைக் குறைப்பது நோயாளிக்குச் செய்யும் சொகுசு அல்ல. பாதுகாப்பின் ஒரு பகுதி.

மனிதக் குரலையும் இங்கே சேர்த்தே பேச வேண்டும். பிரசவ அறையில் வலியில் கதறும் பெண்ணை அதட்டும் குரல் எத்தனை டெசிபல் என்று அளப்பதில் பொருளில்லை; அது காயப்படுத்துகிறது என்பதே உண்மை. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'லக்‌ஷ்யா' திட்டம், பிரசவ அறையில் தாய் மரியாதையுடன் நடத்தப்பட வேண்டும் என்பதைத் தர அளவுகோலாகவே வைத்திருக்கிறது. தமிழ்நாடோ 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஓர் உறவினப் பெண்ணை அனுமதிக்கத் தொடங்கிய மாநிலம். தெரிந்த குரல் ஒன்று அருகில் இருப்பதன் அருமையை நாம் முன்பே உணர்ந்திருக்கிறோம். அதே அறிவைப் பிற சிகிச்சை அறைகளுக்கும் கொண்டுசெல்வதுதான் மிச்சம்.

செலவு பெரிதல்ல. சக்கரங்களுக்கு எண்ணெயும் ரப்பர் உறையும், கதவுகளுக்கு மெல்ல மூடும் அமைப்பும், தட்டுகளுக்கு அடியில் ரப்பர் விரிப்பும், அறைக்கு வெளியே கைப்பேசிப் பெட்டியும் போதும். 'நோயாளி விழித்திருக்கிறார்' என்ற பலகையைக் கதவிலும் மேசை அருகிலும் தொங்கவிடலாம். அது தொங்கும் வரை அவருடைய சிகிச்சையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று விதி வகுக்கலாம். 'இப்போது ஒரு கருவி இரையும், பயப்பட வேண்டாம்' என்ற ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லலாம். எம்ஆர்ஐ கருவியின் ஓசை 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. அங்கே காதடைப்பான் தருவது கட்டாயமாக வேண்டும்.

இசையும் உதவும். அறுவை சிகிச்சையின்போது இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன என்பதை, எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. ஆனால், அந்தப் பாட்டு நோயாளி விரும்பியதாக இருக்க வேண்டும். மருத்துவக் குழுவுக்குப் பிடித்த பாட்டு, படுத்திருப்பவருக்கு இன்னோர் இரைச்சலாகவும் இருக்கலாம்.

இந்த முயற்சியைத் தொடங்கச் சிதம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1985-இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-இல் மாநில நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அதே அண்ணாமலை நகரில்தான் தமிழிசை இயக்கத்தோடு பிணைந்த பல்கலைக்கழகத்தின் இசைத் துறையும் இருக்கிறது. ஒலியை அறிந்தவர்களும் நோயை அறிந்தவர்களும் ஒரே வளாகத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் சேர்ந்து ஒரு வாரம் ஒவ்வொரு சிகிச்சை அறையிலும் ஒலியை அளந்து, எதைக் குறைக்கலாம் என்று பட்டியலிட்டால் மற்ற மாவட்டங்களுக்கும் வழி பிறக்கும்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2015-இல் வந்த 'காயகல்ப்' திட்டம் மருத்துவமனைத் தூய்மைக்கு மதிப்பெண் போட்டு விருது வழங்குகிறது. மதிப்பெண் வந்த பிறகுதான் தூய்மை என்பது துப்புரவுப் பணியாளரின் கவலை என்ற நிலை மாறி, மருத்துவமனைத் தலைவரின் பொறுப்பாகவும் ஆனது. ஒலிக்கும் அப்படி ஒரு மதிப்பெண் வேண்டும்.

என் தாயாருக்கு மறு கண்ணிலும் புரை முற்றிவருகிறது. மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். "போகலாம், ஆனா பக்கத்துல யாராவது என்ன நடக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா தேவலை" என்கிறார் அவர். அவர் கேட்பது அவ்வளவுதான்.