தவளைக்குக் கணக்கு எழுதினவங்க

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. (யாரு தேடினாங்கன்னு கேக்காதீங்க மக்களே, மனசு தாங்காது :-)) இன்னிக்கு உக்காந்து தட்டுறதுக்குக் காரணம் என் ரூம்மேட். டல்லாஸ்ல ஒரே அபார்ட்மெண்ட்ல குப்பை கொட்டுறோம். சாம்பார் நான், ரசம் அவன், பாத்திரம் கழுவுறது யாருன்னு இன்னும் பஞ்சாயத்து முடியலை.

போன நவம்பர்ல நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு வந்தது. எல்லாரும் லாஸ் வேகாஸ் கிளம்ப, நான் கோஸ்டா ரிகாவுக்கு டிக்கெட் போட்டேன். மோன்டேவேர்டே என்று ஒரு மலை ஊர். மேகம் வந்து மரத்து மேலயே உக்காந்துக்கிற காடு. ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு ஒரு வழிகாட்டி பின்னால ரெண்டு மணி நேரம் நடந்தேன். பச்சை விரியன் ஒண்ணு கொடியோட கொடியா சுத்திக் கிடந்தது. அதுக்கு ரெண்டடி பக்கத்துல நின்னுக்கிட்டு நான் "எங்க, எங்க"ன்னு தேடினது தனிக்கதை. தவளைன்னு பாத்தா மூணோ நாலோதான். "இவ்வளவுதானா?"ன்னு கேட்டேன். அவருக்கு அம்பது வயசிருக்கும். தன் சின்ன வயசுல ராத்திரி இந்த ஓடைப் பக்கம் வந்தா, பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே காதுல விழாதுன்னு சொன்னார். நாங்க நின்ன இடத்துல அப்போ ஒரே நிசப்தம். தண்ணி ஓடுற சத்தம் மட்டும்தான்.

திரும்பி வந்து படமெல்லாம் காட்டினேன். ரூம்மேட் எல்லாத்தையும் பாத்துட்டுக் கேட்டான். "ஏன்டா, ரெண்டு தவளைக்கா இவ்வளவு செலவு? சரி, மிச்சத் தவளையெல்லாம் செத்துப்போச்சுன்னே வெச்சுக்க, அதனால யாருக்கு என்னடா நஷ்டம்?"

அன்னிக்கு எனக்கு ஒழுங்கா பதில் சொல்ல வரலை. அப்புறம் ஒரு மாசம் கிடைச்சதையெல்லாம் படிச்சேன். இப்போ பதில் இருக்கு. ஆனா அந்தப் பதிலே எனக்குப் பிடிக்கலைங்கறதுதான் இந்தப் பதிவு.

மோன்டேவேர்டேயோட சோக நாயகன் தங்கத் தேரை. ஆண் தேரை முழுக்க முழுக்க ஆரஞ்சு நிறம். 1960கள்ல ஜே சாவேஜ்னு ஒரு ஆராய்ச்சியாளர் முதல்ல பாத்தப்போ, எவனோ பெயிண்ட் டப்பாவுல முக்கி எடுத்து விட்டிருக்கானோன்னு சந்தேகப்பட்டாராம். உலகத்திலேயே இந்த மலைமுகட்டில் சில சதுர கிலோமீட்டர்ல மட்டும்தான் இருந்தது. வருஷம் பூரா மண்ணுக்கடியில கிடந்துட்டு, ஏப்ரல், மே மழைக்குச் சில நாள் மட்டும் வெளிய வந்து, மரவேர் நடுவுல தேங்கின குட்டையில முட்டை போட்டுட்டு மறுபடி உள்ள போயிடும்.

1987ல மார்த்தா க்ரம்ப் என்கிற விஞ்ஞானி அந்தக் குட்டைங்க பக்கத்துல உக்காந்து எண்ணினார். 1,500க்கும் மேல. மறு வருஷம், 1988ல, தேடித்தேடி எண்ணினா மொத்தம் 10. 1989 மே மாசம் ஒரே ஒரு ஆண். அதுக்கப்புறம் யார் கண்ணிலும் படவே இல்லை. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சிடுச்சு. 2004ல அழிந்த இனம்னு அதிகாரபூர்வமா எழுதிட்டாங்க.

இதுல என்னை உறுத்தின விஷயம், காட்டை யாரும் வெட்டலை. 1972லயே அங்க சரணாலயம் வந்தாச்சு. மரம் அப்படியே இருக்கு, மேகம் இருக்கு, தேரை மட்டும் இல்லை. உடனே "பருவநிலை மாற்றத்துக்கு முதல் பலி"ன்னு போஸ்டர்ல போட்டுட்டாங்க. இன்னிக்கும் பல இடத்துல அப்படித்தான் எழுதறாங்க. விஷயம் அவ்வளவு சுலபமா இல்லை. 2010ல வந்த ஒரு ஆய்வுல, அந்தக் காட்டு மரங்களோட கட்டைக்குள்ள இருக்கிற ஆக்சிஜனை வெச்சே நூறு வருஷத்து ஈரப்பதத்தைக் கணக்குப் போட்டாங்க. தொடர்ந்து காய்ஞ்சுகிட்டே வந்ததா தெரியலை. ஆனா 1986-87 எல் நினோ வறட்சி மட்டும் ரொம்ப மோசம். அந்த நேரத்துல ஒரு நோயும் சேர்ந்து வந்து அடிச்சிருக்கலாம் என்பதுதான் இப்போதைக்குப் பொருந்துற விளக்கம். நானும் பருவநிலை மாற்றத்தை நம்புறவன்தான். அதுக்காக கிடைச்ச பொணத்துக்கெல்லாம் ஒரே காரணத்தை எழுதினா, நாளைக்கு நிஜமாவே அதனால செத்ததைச் சொல்லும்போது எவன் நம்புவான்?

நோய்னு சொன்னேன் இல்லையா? அது ஒரு பூஞ்சை. தவளை தோல் வழியாத்தான் தண்ணியும் உப்பும் எடுத்துக்கும். பூஞ்சை அந்தத் தோல்ல உக்காந்ததும் உடம்புல உப்புக் கணக்கு குழம்பி, கடைசியில இதயம் நின்னுபோகும். குளிர்ச்சியான இடம்தான் இதுக்குப் பிடிக்கும், அதனால மலைத் தவளைங்களுக்குத்தான் சாவு அதிகம். 1998ல பனாமாவிலயும் ஆஸ்திரேலியாவிலயும் செத்த தவளைங்க மேல கண்டுபிடிச்சாங்க, 1999ல பேர் வெச்சாங்க. 2018ல மரபணுவைத் தோண்டிப் பாத்தப்போ இதோட பூர்வீகம் கிழக்கு ஆசியா, கொரியா பக்கம்னு தெரிஞ்சது. தவளை வியாபாரத்தோட கப்பல், விமானம்னு ஏறி ஊர் சுத்தியிருக்கு.

இப்போ நான் சொல்ல வந்த ஆளுக்கு வரேன். கேரன் லிப்ஸ். 1990கள் ஆரம்பத்துல கோஸ்டா ரிகா, பனாமா எல்லையில தவளை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டுத் திரும்பினா தவளைங்களைக் காணோம். கிழக்கே தள்ளி பனாமாவுல ஃபோர்ச்சூனான்னு ஒரு இடத்துக்குப் போனாங்க. 1996 கடைசியில அங்கே தவளைங்க கண்ணெதிர்லயே சாக ஆரம்பிச்சது. ஏதோ ஒண்ணு மேற்கிலிருந்து கிழக்கா அலை மாதிரி நகருதுன்னு புரிஞ்சது. அப்போ அந்தம்மா பண்ணின காரியம்தான் என்னை அசத்திடுச்சு. அலை இன்னும் வந்து சேராத எல் கோப்பேங்கற காட்டுக்குப் போயி, அங்கே எண்ண ஆரம்பிச்சாங்க. அளந்து குறி வெச்ச பாதையில ராத்திரி ராத்திரியா நடந்து, தவளை எத்தனை, பாம்பு எத்தனைன்னு வருஷக்கணக்கா நோட்டுல ஏத்தினாங்க. வரப்போற சாவுக்கு முன்கூட்டியே கணக்குப் புத்தகம் திறந்து வெச்சிட்டுக் காத்திருக்கிறதுக்கு எவ்வளவு கல்நெஞ்சு வேணும், யோசிச்சுப் பாருங்க.

2004 கடைசியில பூஞ்சை வந்தது. சில மாசத்துல முடிஞ்சது.

பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு இது உடனே புரியும். ப்ரொடக்‌ஷன்ல புதுசா ஒண்ணை ஏத்தறதுக்கு முன்னாடி, பழைய சிஸ்டம் எப்படி ஓடிச்சுன்னு அளந்து வெக்கணும். அளக்காம ஏத்திட்டு "ஸ்லோவா இருக்கு"ன்னு கிளையண்ட் கத்தினா, எதைவிட ஸ்லோன்னு கேக்கக்கூட நமக்கு வாய் இருக்காது. எங்க டீம்லயே போன வருஷம் ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. இடம் அடைக்குதுன்னு ஒருத்தன் பழைய லாக் எல்லாத்தையும் அழிச்சிருந்தான். (அந்த ஒருத்தன் யாருன்னு சபையில சொல்ல மாட்டேன். நல்லா சாம்பார் வைப்பான்.)

எல் கோப்பேயில லாக் பத்திரமா இருந்தது. அதனால என்னென்ன தெரிய வந்ததுன்னு பாருங்க. முன்னாடியே சேர்த்து வெச்ச மாதிரிகளோட டிஎன்ஏவைப் பாத்தா, அங்கே இருந்த 74 வகைத் தவளை, தேரையில 30 வகை காணாமப் போயிருக்கு. அந்த 74ல 11 வகைக்கு அதுவரைக்கும் அறிவியல்ல பேரே கிடையாது. அதுல 5 வகை, பேர் வெக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. ஃப்ரீசர்ல ஒரு துண்டு சதை இல்லைன்னா, அப்படி ஒண்ணு இருந்ததுன்னுகூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஓடையில தலைப்பிரட்டை இல்லாததால கல்லு மேல பாசி மண்டிப்போச்சு. அடுத்தது பாம்பு. சாவுக்கு முன்னாடி 7 வருஷக் கணக்கையும், பின்னாடி 6 வருஷக் கணக்கையும் ஒப்பிட்டு 2020ல ஒரு கட்டுரை வந்தது. பல பாம்பு வகை குறைஞ்சிருக்கு, கிடைச்சதுல பல இளைச்சுப் போயிருக்கு. தவளையையும் தவளை முட்டையையும் நம்பி இருந்ததுங்க வேற எங்க போகும்? சில வகை மட்டும் முன்னைவிட நல்லாவே இருக்கு. இதுல ஒரு சிக்கல். வெப்பமண்டலக் காட்டுல பாம்பு கண்ணுல படறதே அபூர்வம். ஒரு வகையை மொத்த ஆய்விலும் ஒரே ஒரு தடவை பாத்திருப்பாங்க. அதனால அவங்களால "இத்தனை வகை போச்சு"ன்னு அடிச்சுச் சொல்ல முடியலை. பாம்பு வகைகளோட எண்ணிக்கை குறைஞ்சிருக்கிறதுக்கு 85 சதவீதம் வாய்ப்புன்னுதான் சொல்ல முடிஞ்சது. அந்த 85ஐப் பாத்ததும் எனக்கு ஒரு மரியாதையே வந்துடுச்சு. தெரிஞ்ச அளவுக்குத்தான் பேசுவேன்னு நிக்கிற எண்.

இனிமே ரூம்மேட்டுக்கான பதில். 2022ல இன்னொரு ஆய்வு. கோஸ்டா ரிகாவிலயும் பனாமாவிலயும் பூஞ்சை எந்த வட்டாரத்துக்கு எந்த வருஷம் போச்சு, அங்கே மலேரியா எப்போ கூடிச்சுன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. தவளை போனதுக்கப்புறம் சில வருஷம் மலேரியா ஏறியிருக்கு. உச்சத்துல ஆயிரம் பேருக்கு ஒருத்தர் வீதம் கூடுதல் நோயாளி. தவளையும் தலைப்பிரட்டையும் கொசுவைக் குறைச்சுக்கிட்டு இருந்திருக்குன்னுதான் அர்த்தம் பண்ணிக்கணும். இதைச் சொன்னதும் ரூம்மேட் அடங்கிட்டான். "அதைச் சொல்லுடா மொதல்ல"ன்னான்.

அந்த "மொதல்ல"தான் எனக்கு இடிக்குது. முதல்ல எப்படிடா சொல்றது? எல் கோப்பேயில தவளை செத்தது 2004, மலேரியா கணக்கு வந்தது 2022. பதினெட்டு வருஷம். 1987ல அந்தக் குட்டைப் பக்கத்துல உக்காந்திருந்த க்ரம்ப் கிட்ட "இதனால யாருக்கு என்ன லாபம்"னு கேட்டிருந்தா, பதில் சொல்ல எதுவும் கையில இருந்திருக்காது. லாபத்தைக் காட்டினாத்தான் எண்ண விடுவோம்னு சொன்னா, எண்ணாம லாபம் தெரியாது. முட்டையா கோழியா கதை. காசு குறைவா இருக்கிற நாட்டுல மலேரியா மருந்துக்குக் கொடுக்காம பாம்பு எண்ண எதுக்குக் கொடுக்கணும்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா அந்த மலேரியா ஏன் ஏறிச்சுங்கறதுக்கு ஒரு துப்பு கிடைச்சதே, தவளை எப்போ எங்க போச்சுன்னு தேதி எழுதி வெச்சவங்களாலதான்.

நமக்கு முகம் வேணும். பனாமாவோட தங்கத் தவளைக்கு முகம் இருக்கு. லாட்டரிச் சீட்டுல படம், ஆகஸ்ட் 14 அன்னிக்கு அதுக்குன்னே தேசிய நாள். ஓடை சத்தத்துல குரல் எடுபடாதுன்னு கையை ஆட்டிப் பேசிக்கிற ஜீவன் அது. 2009 வாக்குலேர்ந்து காட்டுல காணோம். 2006ல எல் பாயேயில தவளைங்களைப் பிடிச்சு ஹோட்டல் ரூம்ல வெச்சுக் காப்பாத்தினாங்க. தப்பே சொல்ல மாட்டேன், அருமையான வேலை. அதே எல் பாயே பக்கத்துல 2005ல பிடிச்ச ஒரு மரத்தவளையும் உண்டு. அந்த இனத்துல அப்பன் தன் முதுகுத் தோலையே தலைப்பிரட்டைக்குத் தின்னக் கொடுக்கும். அட்லாண்டா தாவரவியல் பூங்காவுல கடைசியா மிஞ்சினதுக்கு டஃபின்னு பேர். 2014ல அது குரல் கொடுத்தது, பதில் கொடுக்க உலகத்துல ஒரு ஜோடி கிடையாது. 2016 செப்டம்பர்ல செத்துப்போச்சு. அன்னிக்கு எல்லா பேப்பர்லயும் நியூஸ். எல் கோப்பேயில பேரில்லாம போன 5 வகைக்கு ஒரு வரி வந்திருக்குமா?

ஒரு நல்ல சேதியும் இருக்கு. பனாமாவுல சில தவளை வகைங்க மெல்லத் திரும்புது. பூஞ்சை பலவீனமாயிடுச்சான்னு 2018ல சோதிச்சாங்க. இல்லை, அதே வீரியம். தவளைங்கதான் தேறியிருக்கு, தோல்ல சுரக்கிற திரவம் முன்னைவிட நல்லா எதிர்க்குது. இது எப்படித் தெரிஞ்சது? 2004 வாக்குல எடுத்த பூஞ்சையை யாரோ ஒருத்தர் உறைய வெச்சுப் பத்திரப்படுத்தியிருந்தாங்க. அதையும் இப்போ உள்ளதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. அவ்வளவுதான்.

அந்த வழிகாட்டியைப் பத்தி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நடை முடிஞ்சதும் பாக்கெட்லேர்ந்து ஈரத்துல ஊதிப்போன ஒரு நோட்டை எடுத்து, தேதி போட்டு, விரியன் ஒண்ணு, தவளை இத்தனைன்னு எழுதினார். மூணா நாலான்னு என்கிட்ட கேட்டார். நான் சரியா கவனிக்கலை. டார்ச்சை எடுத்துக்கிட்டு அவர் மட்டும் திரும்பப் போய்ப் பாத்துட்டு வந்து, நாலுன்னு எழுதினார்.

டிஸ்கி: விரியன் படம் நல்லா வரலை. எல்லாமே இலை. கேக்கிறவங்களுக்குத் தனியா அனுப்பறேன், எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க.