கடலோரச் சாலையில் நுனிப்புல் மேயலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பல வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குச் செல்லத் திட்டமிடும் குடும்பங்கள் தவறாமல் பேசும் ஓர் இடம், கிரேட் ஓஷன் சாலை. ஒரு பக்கம் மலைச்சரிவும் மறுபக்கம் நீலக் கடலுமாக நீண்டு செல்லும் இச்சாலை, உலகின் அழகிய கடலோரச் சாலைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. வாடகைக் கார் எடுத்து, தாங்களே ஓட்டிச் சென்று இதைக் காணப் பலர் விரும்புகின்றனர். ஆனால், அவர்களுள் பலர் காலையில் மெல்பர்னிலிருந்து புறப்பட்டு இரவுக்குள் அங்கேயே திரும்பிவிட நினைக்கின்றனர். இது சரியான திட்டமா? வாடகைக் காரில் செல்வது நல்லதே. ஆனால், குறைந்தது ஓர் இரவாவது அந்தக் கடலோரத்தில் தங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவதாக, தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். டோர்க்கி என்னும் கடலோர ஊருக்கு அருகில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை செல்லும் இச்சாலையின் நீளம் சுமார் 243 கிலோமீட்டர். மலேசியாவின் வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் பயணம் செய்து பழகியவர்களுக்கு இது பெரிய தூரமாகத் தோன்றாது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு உள்ள தூரம் இதைவிட அதிகம். அதையே நாம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். ஆனால், கிரேட் ஓஷன் சாலை விரைவுச்சாலை அன்று. பெரும்பாலான இடங்களில் ஒரு திசைக்கு ஒரு தடம் மட்டுமே உண்டு. பாம்புபோல் வளைந்து நெளியும் பகுதிகளில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஊர்களுக்குள் வேக வரம்பு இன்னும் குறைவு.

மெல்பர்னிலிருந்து கடலோரமாகவே சென்று, ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ எனப்படும் புகழ்பெற்ற பாறைத் தூண்களை அடைய, எங்கும் நிற்காமல் சென்றாலும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். உள்நாட்டுச் சாலை வழியாகத் திரும்புவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் தேவை. ஆக, கார் ஓட்டுவதற்கு மட்டுமே எட்டு மணி நேரம் போய்விடுகிறது. நமது ஜூன் விடுமுறையின்போது அங்குக் குளிர்காலம். காலை ஏழரை மணி அளவில்தான் சூரியன் உதிக்கும். மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் மறைந்துவிடும். பத்து மணி நேரம்கூட இல்லாத பகலில் எட்டு மணி நேரம் காருக்குள்ளேயே கழிந்தால், கடலைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? எல்லா இடங்களையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம் என்றால், அறிமுகமில்லாத சாலையில் இருட்டில் ஓட்ட நேரிடும். மாலை மங்கும் வேளையில்தான் கங்காருகளும் வாலபிகளும் இரை தேடிச் சாலையோரம் வருகின்றன. திடீரென்று குறுக்கே பாயும் விலங்கின்மீது மோதினால், விலங்குக்கு மட்டுமன்றிக் காரில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

இரண்டாவதாக, காரை ஓட்டுபவரைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டும். குடும்பப் பயணத்தில் அவர் பெரும்பாலும் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். பின்னிருக்கையில் இருப்பவர்கள் கடலைப் பார்த்து மகிழும்போது, அவருடைய கண்கள் அடுத்த வளைவையே பார்த்துக்கொண்டிருக்கும். அவரும் விடுமுறைக்கு வந்தவர்தானே? ஒரு நாளில் எல்லாவற்றையும் முடிக்கத் துடிக்கும் பயணத்தில், அவருக்கு மட்டும் விடுமுறையே கிடைப்பதில்லை. மேலும், நம்மவர்களுள் பலர் இரவு விமானத்தில் சென்று, விடியற்காலையில் மெல்பர்னில் இறங்குகின்றனர். அரைத் தூக்கத்துடன் அப்படியே காரை எடுப்பதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால், அதை நினைத்து அளவுக்கு மீறித் துணிவு கொள்ளக் கூடாது. தெருவிளக்கும் அகன்ற தடங்களும் நிறைந்த சாலைகளில் ஓட்டிப் பழகியவருக்கு மலைவளைவுகள் புதியவை.

மூன்றாவதாக, இச்சாலை வெறும் பாதை மட்டுமன்று. அது ஒரு நினைவுச்சின்னமும்கூட. முதல் உலகப் போர் முடிந்தபின் நாடு திரும்பிய போர்வீரர்களுக்கு வேலை தேவைப்பட்டது. அவர்களுள் சுமார் 3,000 பேர், 1919ஆம் ஆண்டு முதல் 1932ஆம் ஆண்டு வரை இச்சாலையை அமைத்தனர். கோடரி, மண்வெட்டி, கடப்பாரை, வெடிமருந்து, குதிரை வண்டி ஆகியவற்றின் துணையோடு செங்குத்தான பாறைச்சரிவுகளை வெட்டினர். போரில் மாண்ட தம் தோழர்களின் நினைவாகவே அவர்கள் அதைக் கட்டினர். அதை எடுத்துரைக்கும் நினைவு வளைவு ஒன்று சாலையின் குறுக்கே நிற்கிறது. அதன் அருகில் அவ்வீரர்கள் உழைப்பதைக் காட்டும் சிலையும் உண்டு. நேரமில்லை என்று விரைபவர்கள் காரிலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அந்த வளைவைக் கடந்துவிடுகிறார்கள். எதற்காக எழுப்பப்பட்டது என்பதை அறியாமல் அதைக் கடப்பது நுனிப்புல் மேய்வதுதானே?

அந்தக் கடலோரத்தின் பாறைகளும் பொறுமையாகப் பார்க்க வேண்டியவை. சுண்ணாம்புப் பாறையாலான கரையை அலைகள் இடைவிடாமல் அரிக்கின்றன. முதலில் குகை உண்டாகிறது, குகை வளைவாகிறது, வளைவின் மேற்பகுதி இடிந்தால் தனித்தூண் நிற்கிறது. ஒரு நாள் அதுவும் விழுகிறது. 2005ஆம் ஆண்டு ஜூலையில், சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ஒரு தூண் சில நொடிகளில் சரிந்து விழுந்தது. அதற்கு முன்பு, 1990ஆம் ஆண்டு ஜனவரியில், ‘லண்டன் பாலம்’ எனப்பட்ட பாறையின் ஒரு வளைவு இடிந்தது. அப்போது அதன் மறுமுனையில் சிக்கிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர் மூலம் மீட்டனர். புவியியல் பாடத்தில் நாம் படிக்கும் கடலரிப்பை நேரில் காட்டும் வகுப்பறை அது. காரை நிறுத்தி, பத்து நிமிடத்தில் படம் எடுத்துத் திரும்புபவர்களுக்கு அந்தப் பாடம் கிடைக்காது.

அங்கிருந்து சில நிமிடங்களில் அடையக்கூடிய லாக் ஆர்ட் விரிகுடாவிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம், ‘லாக் ஆர்ட்’ என்ற பாய்மரக் கப்பல் அருகிலிருந்த பாறையில் மோதி மூழ்கியது. அதில் இருந்த 54 பேரில் உயிர் பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்னும் அவ்விருவரும் உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். கரைசேர்ந்த டாம், அலைகளுக்கு நடுவே தத்தளித்த ஈவாவின் குரலைக் கேட்டு, மீண்டும் கடலில் நீந்திச் சென்று அவரைக் காப்பாற்றினார். பின்னர்ச் செங்குத்தான பாறைமீது ஏறி உதவி தேடிச் சென்றார். அந்தப் பாறைகளுக்கு நடுவே நின்று அலையோசையைக் கேட்கும்போதுதான், அவருடைய துணிச்சல் எத்தகையது என்பது நமக்குப் புரியும்.

“எங்களுக்கு இருப்பதே ஐந்து நாள் விடுமுறை. ஓர் இரவை எப்படி ஒதுக்குவது? செலவும் கூடுமே!” என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால், லோர்ன், அப்போலோ பே போன்ற ஊர்களில் ஓர் இரவு தங்கினால், அந்த இரவுக்கு மெல்பர்னில் அறை எடுக்கத் தேவையில்லை. ஆகவே, தங்கும் செலவு இரட்டிப்பாகாது. கார் வாடகை ஒரு நாளைக்குக் கூடும், அது உண்மைதான். அதற்கு ஈடாக நகரில் கடை கடையாக ஏறி இறங்கும் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம். வேறு சிலர், “சுற்றுலாப் பேருந்தில் சென்றால் போதுமே!” என்பார்கள். காரோட்ட நம்பிக்கையில்லாத குடும்பங்களுக்கு அதுவே சிறந்த வழி. ஆனால், விரும்பிய இடத்தில் நிற்கவும் விரும்பும்வரை இருக்கவும் கிடைக்கும் சுதந்திரத்துக்காகத்தான் நாம் வாடகைக் கார் எடுக்கிறோம். அந்தச் சுதந்திரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, பேருந்தைவிட அதிகமாக அவசரப்படுவதில் என்ன பயன்?

மெதுவாகச் செல்வது என்பது பிறருக்கு இடையூறாகச் செல்வது என்று பொருள்படாது. நமக்கு அது சுற்றுலாப் பாதை. அங்கு வாழ்பவர்களுக்கோ வேலைக்கும் பள்ளிக்கும் செல்லும் அன்றாடச் சாலை. பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால், அதற்கென உள்ள ஒதுங்கிடத்தில் காரை ஒதுக்கி, அவர்களுக்கு வழிவிட வேண்டும். மரத்தில் கோவாலாவைக் கண்டதும் நடுச்சாலையில் காரை நிறுத்துவது தவறு. கரையோரத் தடுப்பு வேலியைத் தாண்டிப் படம் எடுப்பது அதைவிடப் பெரிய தவறு.

“எங்களுக்குத்தான் காரோட்டும் வயது ஆகவில்லையே, எங்களால் என்ன செய்ய முடியும்?” என்று நீங்கள் நினைக்கலாம். பயணத் திட்டம் போடும்போதே வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தையும் சூரியன் மறையும் நேரத்தையும் குறித்துக் கொடுக்கலாம். ஐந்து இடங்களுக்குப் பதில் மூன்று இடங்கள் போதும் என்று சொல்லலாம். பயணத்தின்போது கைப்பேசியில் வழி பார்த்துச் சொல்லலாம். ஓட்டுபவர் களைத்திருந்தால், “அப்பா, கொஞ்ச நேரம் நிறுத்தி ஓய்வெடுங்கள்” என்று கூறலாம். கார் நின்றதும் அவரையும் கையோடு அழைத்துச் சென்று கடலைக் காட்டலாம்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள் நம் முன்னோர். பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து மனிதர்கள் அமைத்த சாலையையும், அலைகள் ஓயாமல் செதுக்கிவரும் கரையையும் காண, நாம் இரண்டு நாள் ஒதுக்குவது அதிகமன்று. எனவே, கடலோரச் சாலையில் வாடகைக் காரில் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு செல்லுங்கள். ஆனால், ஓர் இரவு தங்கி, பார்க்கும் இடங்களைக் குறைத்து, பாதுகாப்பாகச் சென்று வாருங்கள்.