விடையை ஒளித்து வைத்து விற்கும் கதை வணிகம்!

கொன்றவன் யார் என்று கேட்டுக் கதையைத் தொடங்குபவன் கேட்போரிடம் கடன் பெறுகின்றான். அவர்தம் பொழுதையும் உள்ளத்தையும் வாங்கிக்கொண்டு, உரிய வேளையில் விடை தருவதாக ஒப்புக்கொள்கின்றான். அவ்வொப்பந்தத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளிகள் எத்துணை எளிதாகக் காலில் போட்டு மிதித்தனர் என்பதற்கு, ஏ.எம்.சி. நிறுவனம் 2011-இல் ஒளிபரப்பிய ‘தி கில்லிங்’ தொடரினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஓயாத மழை பெய்யும் சியாட்டில் நகரில் உரோசி இலார்சன் என்னும் இளம்பெண் கொலையுண்டு கிடக்கின்றாள். ‘உரோசி இலார்சனைக் கொன்றவர் யார்?’ என்பதே அந்நிறுவனம் ஊரெங்கும் பரப்பிய விளம்பரம். பதின்மூன்று பகுதிகள் ஓடின. பெற்ற வயிறு பற்றியெரிவதைப் பகுதிதோறும் காட்டினர். சூன் 19-இல் பருவத்தின் இறுதிப் பகுதி. அரசியலாளர் ஒருவர் தளைப்படுகின்றார். துப்பறியும் பெண், ஊரை விட்டகல வானூர்தியில் அமர்ந்தபின், சான்றாகக் காட்டிய ஒளிப்படமே பொய்யென அறிகின்றாள். தளைப்பட்டவரை நோக்கி ஒருவன் கைத்துமுக்கியோடு நெருங்குகின்றான். திரை இருள்கின்றது! விடை? அடுத்த ஆண்டு வந்து பெற்றுக்கொள்க!

பார்வையாளர் கொதித்தெழுந்தனர். கொதியாமல் என் செய்வர்? உடனே, ‘வாழ்க்கை எல்லாக் கேள்விக்கும் விடை தருகின்றதா? கலை மட்டும் ஏன் தருதல் வேண்டும்?’ என்று வழக்காட வந்தனர் சிலர். நல்ல கேள்வி! ஆனால், வாழ்க்கை விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லையே! அதிர்ச்சி வேறு, ஏய்ப்பு வேறு. அறியாத ஒன்று திடுமென வெளிப்படின் நெஞ்சு அதிரும். அறியவேண்டியதை மூடிவைத்து அடுத்த ஆண்டின் வரும்படிக்குக் கணக்கிட்டாலோ, வயிறுதான் எரியும்!

இந்நோய்க்கு வித்து 1980-இல் ‘தாலசு’ தொடர் இட்டது. மார்ச்சு 21-இல் அதன் தலைமைக் கயவனைச் சுட்டவர் யாரென்பதை நவம்பர் 21-இல் காட்டியபோது, அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். அவ்வெண்ணிக்கை இன்றும் முதலாளிகளின் கண்ணை விட்டு அகன்றபாடில்லை.

இத்தனைக்கும் உரோசியின் கதை அவர்தம் சொந்தச் சரக்கும் அன்று. டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2007-இல், ‘குற்றம்’ எனப் பொருள்படும் பெயரில், இருபது பகுதிகளாக எடுத்தது அது. அன்று 55 இலக்கத்திற்கும் குறைந்த மக்கள் வாழ்ந்த சிறு நாடு! நடுவே சில திங்கள் நிறுத்தினர் எனினும், அவ்வாண்டு நவம்பரிலேயே கொலையாளியைக் காட்டிக் கணக்கை நேர்செய்தனர். 2011-இன் தொடக்கத்தில் பி.பி.சி.யின் நான்காம் அலைவரிசை அதனை டேனிசு மொழியிலேயே, அடியில் ஆங்கில வரிகளோடு ஒளிபரப்பியது. பிரித்தானியர் விரும்பிக் கண்டனர். விடையை மறைத்தால்தான் கூட்டம் நிற்கும் என்னும் வணிகக் கணக்கு அங்கு என்னாயிற்று?

ஏ.எம்.சி.யோ, இரண்டாம் பருவ இறுதியில் கொலையாளியைக் காட்டுவதாக முன்கூட்டியே உறுதி கூறி மன்றாடவேண்டியதாயிற்று. முதல் பகுதியை ஏறத்தாழ 27 இலக்கம் பேர் பார்த்திருந்தனர். 2012 ஏப்பிரலில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது ஏறத்தாழ 18 இலக்கமே எஞ்சிற்று. சூனில் விடை வந்தது. சூலையில் தொடரையே கைவிட்டனர். மீண்டும் உயிரூட்டிய 2013-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியில், கொலையாளி துப்பறியும் பெண்ணின் மேலலுவலனே என வெளிப்பட, அவளே அவனைச் சுட்டு வீழ்த்தினாள். அது மெய்யான அதிர்ச்சி. அதனைக் கண்டிருக்க வேண்டிய பலர் ஈராண்டுக்கு முன்னரே எழுந்து போயிருந்தனர்.