மேல் அம்புக்குறியைக் கொஞ்சம் விடுங்க பாஸ்

லேப்ல பக்கத்து சீட்டைக் கவனிச்சுப் பாருங்க. போன வாரம் ஓடின டாக்கர் கமாண்ட் திரும்ப வேணும். மேல் அம்புக்குறியை டக்கு டக்குன்னு முப்பது தடவை தட்டுவாங்க. தாண்டிப் போயிடும், கீழே வருவாங்க. கடைசியில அலுத்துப்போய் குரூப்ல ஒரு மெசேஜ்: "மச்சி, அந்த கமாண்ட் அனுப்பு." இல்லைன்னா ஏஐகிட்ட கேட்பாங்க. உங்க கையாலயே டைப் பண்ணி, ஓடவும் ஓடின கமாண்டை இன்னொருத்தர்கிட்ட கேட்கிறது எனக்கு என்னமோ பொறுக்கலை.

உபுண்டுவில் பாஷ் எந்த செட்டிங்கும் மாத்தாமலேயே 2000 வரி வரைக்கும் ஃபைலில் சேமிச்சு வைக்குது. கண்ட்ரோல்-ஆர் தட்டுங்க. கமாண்ட் எப்படி ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் வேண்டாம், நடுவுல வந்த ஃபைல் பெயரில் மூணு எழுத்து போதும். திரும்பத் தட்டினா அதைவிடப் பழசு வரும். (தாண்டிட்டோமேன்னு கண்ட்ரோல்-எஸ் அடிச்சா பெரும்பாலும் ஸ்கிரீன் உறைஞ்சு நிக்கும். டெர்மினலை மூடிடாதீங்க, கண்ட்ரோல்-கியூ அடிச்சா உயிர் வந்துடும்.)

ஆனா என் வாக்கு முழு வரிக்கு இல்லை, ஒத்தை வார்த்தைக்குத்தான். ஆல்ட்-புள்ளி தட்டினா முந்தின கமாண்டோட கடைசி வார்த்தை அப்படியே வந்து உட்காரும். மறுபடி தட்டினா அதுக்கும் முந்தினது. இதெல்லாம் புதுசும் இல்லை. பெர்க்லியில் பில் ஜாய் எழுதின சி ஷெல்லில், 1970களின் கடைசியிலேயே, ஆச்சரியக்குறியும் டாலரும் போட்டு இதே வேலையைச் செஞ்சாங்க.

"ரெண்டு செகண்ட் மிச்சம் பண்ணி என்னடா ஆகப்போகுது?"ன்னு கேட்கலாம். செகண்டை விடுங்க. ஒரு ஃபோல்டரை அழிக்கணும். முதல்ல எல்எஸ் போட்டு உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறீங்க. அப்புறம் ஆர்எம் போட்டு அந்த நீளமான பாதையை மறுபடி கையால அடிச்சா, நடுவுல தவறி விழுற ஒரே ஒரு ஸ்பேஸ் போதும், பாதை ரெண்டா உடைஞ்சு வேற ஏதோ ஃபோல்டர் காலி. ஆல்ட்-புள்ளி போட்டா, கண்ணால பார்த்த அதே பாதைதான் அழிக்கிற கமாண்டுக்கும் போகும். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி இதுதாங்க வித்தியாசம்.

நடுவுல இருந்த வார்த்தை வேணுமா? அதுக்கும் வழி இருக்கு. இசட்-ஷெல்லில் கம்ப்ளீஷன் ஆன் பண்ணியிருந்தா, ரெண்டு எழுத்து அடிச்சு ஆல்ட்-ஸ்லாஷ். பழைய கமாண்டுகளில் இருந்து மீதி எழுத்தை அதுவே நிரப்பும். பாஷில் இது ஆல்ட்-டேப், ஆனா டெஸ்க்டாப் அதைப் பிடுங்கிக்கும், விண்டோ மாறிடும். எஸ்கேப்பை அமுக்கி விட்டுட்டு டேப் தட்டுங்க.

லேப் மேனுவலில் இதுக்கு ஒரு பாரா கூட கிடையாது. முதல் வகுப்புலயே பத்து நிமிஷம் ஒதுக்கணும்னுதான் சொல்வேன். ஏன்னா தெரியாம இருக்கிறதில் ஆபத்தும் இருக்கு. எல்லாருக்கும் பொதுவான லாகினில் மைஎஸ்கியூஎல் பாஸ்வேர்டை கமாண்ட் லைன்லயே அடிக்கிறீங்க. அடுத்த பேட்ச் ஜூனியர் கண்ட்ரோல்-ஆர் கத்துக்கிட்டா, உங்க பாஸ்வேர்டும் சேர்ந்துதான் வரும். மைனஸ்-பி மட்டும் போட்டு என்டர் தட்டுங்க, பாஸ்வேர்டை அதுவே தனியா கேட்கும், ஹிஸ்டரியில் ஏறாது. வேற ரகசியம் ஏதாவது அடிக்கணும்னா, உபுண்டு பாஷில் வரிக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு ஆரம்பிங்க, அந்த வரியை அது எழுதி வைக்காது.