'பெயர்' எப்படி 'பயெர்' ஆனது?



சென்ற ஆண்டு மலரில் என் வகுப்புத் தோழன் தன் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தான். அனந்தபுரத்தில் அவன் வீட்டுக்கு மலரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாருப்பா இது? என் பேரு இல்லையே" என்றார். பெயரில் இருந்த 'கோ' வெறும் 'க' ஆகியிருந்தது. கட்டுரை முழுக்க 'தொழில்' தழிலாகவும், 'பெயர்' பயெராகவும் கிடந்தன. "பையனுக்குத் தமிழே வராதா?" என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். ஆனால் அவன் சரியாகத்தான் எழுதினான். அவன் கைபேசியில் அடித்ததை நானே பார்த்தேன்.

குற்றம் எங்கே? கைபேசி யூனிகோடில் எழுதுகிறது. 1991-லேயே வந்துவிட்ட அந்த முறையில் 'தொ' என்பது இரண்டே எண்கள்: முதலில் 'த', பிறகு ஒகரக் குறி. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட்டுக் காட்டுவது எழுத்துருவின் வேலை. நம் பக்கத்து அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் ஓடுவதோ பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதுக்கு யூனிகோடு தெரியாது! அங்கே பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்துச் சமாளிக்கின்றன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், அம்மா போய் இதுதான் நிற்கும்.

அதில் கண்ணுக்குத் தெரிவதே வரிசை: கொம்பு, த, கால். யூனிகோடை அப்படியே ஒன்றுக்கு ஒன்று மாற்றினால், 'பெ'யின் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் விழுந்து 'ய'வைப் பிடித்துக்கொள்ளும். ஒகரக் குறிக்கு அங்கே ஒற்றை உருவமே கிடையாது. அது காணாமலே போய்விடும். அச்சு இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. அது கொடுத்த உருவத்தை அடிக்கும், அவ்வளவுதான்.

அச்சகத்தாரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "தம்பி, கல்யாணப் பத்திரிகைக்கு எங்கிட்ட இருக்கிற அலங்கார எழுத்தெல்லாம் பழசுதான். அதை விட்டுட்டு எங்க போறது?" என்று ஒருவர் கேட்டார். நியாயம்தானே! 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு டாம், டாப் என்று தரம் அறிவித்தது. 2010-ல் யூனிகோடை ஏற்றது. அறிவித்தால் போதுமா? சின்ன அச்சகம் புது சாஃப்ட்வேருக்குப் பணத்துக்கு எங்கே போகும்?

உண்மையைச் சொன்னால், போன வருஷம் விழா நெருங்கிவிட்டதென்று நாங்கள் ப்ரூஃபே பார்க்கவில்லை. என் கருத்து இதுதான்: எந்த எழுத்துருவில் அச்சாகும் என்று முதலிலேயே கேட்கணும். மாற்றுவதானால் அதற்கென்று உள்ள கன்வர்ட்டரில் மாற்றணும். ப்ரூஃபை எழுதியவனே பார்த்துக் கையெழுத்துப் போடணும். முடிந்தால் எழுத்துருவையும் உள்ளே பொதிந்த பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடணும்.

இந்தப் பக்கத்தை அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். "அண்ணே, தலைப்பில் இருக்கிற 'பயெர்' பிழையில்லை, அதைத் திருத்திடாதீங்க" என்று ஆபரேட்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.