விட்டதைப் பிடிக்க

சில வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலையை நாம் சீட்டாட்ட மன்றம் ஒன்றில் கழித்தோம். இப்படித் தொடங்கினால் வாசக அன்பர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஓரிருவர் ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதவும் கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் சென்றது ஆடுவதற்கன்று, பாட்டுக் கேட்பதற்கு. ஆயினும் நடந்ததை முழுவதும் படித்த பிறகு கடிதம் எழுத விரும்புவோரை நாம் தடுக்கப் போவதில்லை. சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறோம்.

சங்ககிரியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1805ஆம் ஆண்டு தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. சேலத்திலிருந்து கோவைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இதன் வழியே செல்கிறது. லாரித் தொழிலே இவ்வூருக்குச் சோறு. பக்கத்திலுள்ள திருச்செங்கோடோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் நாடு முழுவதும் பெயர் பெற்றது. இங்குள்ள பல குடும்பங்களில் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. வண்டி ஓடினால் கட்டுக்கட்டாக வரும். வண்டி நின்றால் டீசலுக்கும் தவணைக்குமாகக் கட்டுக்கட்டாகப் போகும். அவ்வாறு ஏறி இறங்கும் வாழ்வுக்குப் பழகிய கைகளுக்குச் சீட்டுக்கட்டு அந்நியப் பொருளாகத் தோன்றுவதில்லை.

நம் பங்கைச் சேர்ந்த ரிக் வண்டி உரிமையாளர் ஒருவர், நம் வயதினர், ஒருநாள் மனைவியோடு நம் இல்லத்துக்கு வந்தார். தாம் உறுப்பினராக உள்ள மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் மெல்லிசைக் கச்சேரி நடைபெற இருப்பதாகக் கூறினார்.

“எல்லாம் நம்ம காலத்துப் பாட்டுங்க சாமி. நீங்க கண்டிப்பா வரோணுமுங்க” என்றார். அதிகம் பேசாத அவருடைய மனைவியும், “வாங்க சாமி, கட்டாயம் வாங்க” என்று இருமுறை சொன்னார். அந்த அம்மையாருக்கு இசையில் இவ்வளவு ஈடுபாடா என்று நாம் வியந்தோம். அப்போதே சற்று யோசித்திருக்க வேண்டும்.

‘நம்ம காலத்துப் பாட்டு’ என்ற சொல் நம்மை வீழ்த்திவிட்டது. திரைப்படம் இம்மண்ணுக்குப் புதியதன்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்தே வெளிவந்தது. கிதாரும் டிரம்ஸும் விசுவநாதன்–ராமமூர்த்தி காலத்திலேயே தமிழ்ப் பாட்டில் நன்கு குடியேறிவிட்டன. தூத்துக்குடியில் பிறந்த நம் பனிமயதாசன், அதாவது ஜே.பி. சந்திரபாபு, ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களைப் போலக் குரலை உடைத்துப் பாடி நம் தந்தையரை மகிழ்வித்தார். ஆனால் நம் தலைமுறைக்குக் ‘காலம்’ என்பது 1976இல், ‘அன்னக்கிளி’யோடு தொடங்கியது. அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் வாசித்துப் பழகிய இளையராஜா, அப்படத்தின் மூலம் திரையுலகில் நுழைந்தார். நாட்டுப்புற மெட்டின் கீழே மேனாட்டு வயலின்கள் நடைபோடும் அந்த விந்தை, தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் கேசட்டு வழியாகப் பத்தாண்டுக்கு மேல் இடைவிடாது ஒலித்தது.

நாமோ 1980களின் நடுவில் சிறு குருமடத்தில் இருந்தோம். அங்கே திரைப்பாடலை முணுமுணுப்பதும் குற்றம். ஆனால் மதிற்சுவருக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடை இருந்தது. கிணற்றடியில் துணி துவைக்கும் முறை எப்போது வரும் என்று காத்திருப்போம். ஏனெனில் அங்கேதான் பாட்டுத் தெளிவாகக் கேட்கும். பல்லவி கேட்கும், முதல் சரணம் கேட்கும், அதற்குள் மணி அடித்துவிடும். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாடல்களுக்கு இரண்டாம் சரணம் உண்டென்பதைக் குருப்பட்டம் பெற்ற பின்னரே அறிந்தோம் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடாது.

ஆகவே சென்றோம். மன்றத்தின் அமைப்பில் ஒன்று கண்ணில் பட்டது. விழா மண்டபத்துக்குத் தனி வாயில் இல்லை. கண்ணாடிக் கதவிட்ட சீட்டாட்ட அறையைக் கடந்தே அங்குச் செல்லவேண்டும். அறைக்குள் ஐந்தாறு மேசைகள், மேசைக்கு ஆறு பேர், பணத்துக்குப் பதிலாக வண்ண வில்லைகள். சுவரில் கடிகாரம் இல்லை. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. அங்கே நாடக அரங்குக்குச் செல்பவர் சூதாட்டக் கூடத்தின் நடுவே நடந்து செல்லும்படியே விடுதிகளைக் கட்டுவார்களாம். ராக் இசையின் மன்னர் எனப்பட்ட எல்விஸ் பிரெஸ்லி, 1969 முதல் 1976 வரை அத்தகைய விடுதி ஒன்றில்தான் ஆண்டுதோறும் பாடினார். இன்றும் அந்நாட்டில், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பழங்குடியினர் நிலங்களில் எழுந்த சூதாட்டக் கூடங்களில், ஒரு காலத்தில் மைதானங்களை நிரப்பிய இசைக்குழுக்கள் நரைத்த தலையோடு, தங்களைப் போலவே நரைத்த இரசிகர்களுக்குப் பாடி வருகின்றன. நம் நாட்டில் கோவா மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் மிதக்கின்றன. தமிழகத்தில் அத்தகைய கூடங்களுக்கு இடமில்லை. ஆனால் ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படும் ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. மனமகிழ் மன்றங்களின் மேசைகளுக்கு அதுவே நிழல்.

கச்சேரி தொடங்கிற்று. முதன்மைப் பாடகருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் பதினெட்டுப் பேராக, ஆடி நோம்பிக்கும் நம் ஆலயத் திருவிழாக்களுக்கும் லாரி மேடை கட்டி விடிய விடியப் பாடிய குழுவாம். இப்போது ஏழு பேர். எஞ்சிய வாத்தியங்களைக் கீபோர்டே பார்த்துக்கொள்கிறது. 2020இல் மறைந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை அவர் அப்படியே நகல் எடுக்க முயலவில்லை. மூச்சு எட்டாத இடத்தில் தம் குரலிலேயே நின்று, சிரித்து, மேலே சென்றார். அது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கலாம். வழுக்கை விழுந்த லாரி அதிபர்கள் கண்களை மூடித் தலையசைத்தனர். பாட்டுக்குப் பாட்டு நமக்கு வயது குறைந்தது. கிணற்றடி ஈரமும் சவர்க்கார வாசனையும் எங்கிருந்தோ வந்தன. ஒவ்வொரு பாட்டையும் இரண்டாம் சரணம் வரை கேட்டோம். எவரும் மணி அடிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்திருக்கும். உற்சாகத்தில் ஏதோ சொல்ல வலப்புறம் திரும்பினோம். நம்மை அழைத்தவரின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அப்பால் அவருடைய மனைவி, மேடையைப் பாராமல் கதவையே பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

“எங்கே அவர்?” என்றோம்.

“ரெண்டாவது பாட்டுலயே எந்திரிச்சுப் போயிட்டாருங்க சாமி” என்றார். சற்றுநேரம் கழித்து, “உங்களக் கூப்படச் சொன்னதே நாந்தானுங்க. நீங்க பக்கத்துல இருந்தா எந்திரிக்க மாட்டாருன்னு நெனச்சனுங்க” என்றார்.

பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னார். முதலில் கைப்பேசியில் ஆடியிருக்கிறார். நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் தமிழக அரசு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்ததும், 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அத்தடையிலிருந்து ரம்மியை விலக்கியதும் நமக்குச் செய்தித்தாள் செய்திகள். அந்த அம்மையாருக்கோ அவை, வீட்டில் தூங்கிய இரவுகளும் தூங்காத இரவுகளும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தபோது, “மாதா கண்ணத் தொறந்துட்டாங்கன்னு இருந்தனுங்க. இப்ப இங்க வந்து உக்காந்துக்கறாருங்க” என்றார். ஒரு வண்டி போய்விட்டது. மற்றதற்கு மூன்று மாதத் தவணை நிற்கிறது. மகளின் கல்லூரிப் பணம் எங்கே என்று மகளே இன்னும் கேட்கவில்லையாம். கேட்டுவிடுவாளோ என்ற அச்சம்தான் அந்தத் தாய்க்கு.

நாம் வெட்கினோம். நம்மை ஒரு காவலாக அங்கு அமர்த்தியிருக்கிறார். காவலோ பாட்டில் மயங்கிக் கண்ணயர்ந்துவிட்டது. இரண்டாம் பாட்டிலேயே பக்கத்து நாற்காலி காலியானதை நாம் பார்க்கவில்லை.

எழுந்து சென்று கண்ணாடிக் கதவைத் திறந்தோம். அவர் நம்மைக் கண்டதும் பாதி எழுந்து, மீண்டும் அமர்ந்தார். கையில் பதின்மூன்று சீட்டுகள் விசிறிபோல் விரிந்திருந்தன. “ஒரே ஒரு ஆட்டமுங்க சாமி. விட்டதப் புடிச்சுட்டு வந்தர்றனுங்க.”

சூதாடுகிற எவரும் சொல்லும் சொல் இது. திருவள்ளுவர் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, அதில் கிடைக்கும் வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார். திருச்சபையின் மறைக்கல்வி, தனக்கும் தன் குடும்பத்துக்கும் தேவையானதைப் பறிக்கும்போது இவ்வாட்டம் ஏற்கத் தகாததாகிறது என்கிறது. இவற்றையெல்லாம் அவருக்குச் சொல்ல நாம் வாயெடுத்தோம். ஆனால் ‘விட்டதைப் பிடிக்க’ என்ற சொல் நம்மைத் தடுத்தது. பக்கத்து மண்டபத்தில் நாம் வேறென்ன செய்துகொண்டிருந்தோம்? விட்டுவந்த வயதைப் பிடிக்கத்தானே இருநூறு பேர் கூடியிருந்தோம்? பாட்டு முடிந்ததும் கைவீசி எழுந்து போய்விடலாம் என்பதால் எங்கள் ஆட்டத்தில் எவர் வீடும் அடகுக்குப் போவதில்லை, வேறுபாடு அவ்வளவே. மேலும், ஆண்டுதோறும் பங்குத் திருவிழாவில் குலுக்கல் சீட்டு விற்கும் நாம், அந்த அறையில் நின்று பிரசங்கம் செய்ய நமக்கே கூசியது.

எனவே ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் அருகே அமர்ந்துகொண்டோம். வெள்ளை அங்கியோடு ஒரு சாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சீட்டு எடுக்க எவருக்கு மனம் வரும்? எதிரே இருந்தவர் இருமுறை தொண்டையைக் கனைத்தார். மற்றொருவர், “சாமியும் ஒரு கை போடறீங்களா?” என்று கேட்டுத் தாமே சங்கடப்பட்டார். மன்றத்துப் பணியாளர் ஏனோ நமக்குத் தேநீர் கொண்டுவந்தார். அதைக் குடித்தபடி அமர்ந்திருந்தோம். ஓர் ஆட்டம் முடிந்தது. அடுத்தது தொடங்கிப் பாதியில் நின்றது. இருவர் எழுந்து சென்றனர்.

அந்நேரம் சுவருக்கு அப்பால், ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாடல் ஒன்று தொடங்கியது. மாலை முழுவதும் அதற்காகவே காத்திருந்தோம். பல்லவி கேட்டது, முதல் சரணம் கேட்டது. அப்போது அவர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “போலாங்க சாமி” என்றார். இரண்டாம் சரணத்துக்கு நாம் அங்கில்லை.

மறுநாள் ஏழு மணித் திருப்பலிக்கு அம்மையாரும் மகளும் வந்திருந்தனர், அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை தனியே வந்தார். வண்டித் தவணைப் புத்தகங்களும், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதிய நீண்ட தாளும் கையில் இருந்தன. இரவு ஒன்பது மணி வரை கணக்குப் பார்த்தோம். பாதிகூட முடியவில்லை. அடுத்த செவ்வாய் மகளையும் அழைத்து வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.